எண்ணெய் குடித்த மடக்குக் குச்சி

கண் தெரியாதவனுக்குக் கர்வம் இருக்காது என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறவர்கள், கோயில் வாசலில் என் கையில் கேட்காமலே காசு வைத்துவிட்டுப் போகிறவர்கள் (நான் மனைவிக்காகக் காத்துக்கொண்டு நிற்பேன்) எல்லோருமே என்னைப் பரம சாது என்று நினைக்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இருபத்து மூன்று வயதில் மரக்காணம் உப்பளத்தில் என்னைவிடத் திமிர் பிடித்தவன் ஒருவன்கூடக் கிடையாது. அந்தத் திமிரால் நான் என் அப்பாவின் சாவு ஊர்வலத்தை நடு அளத்தில் நிறுத்திவைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல். சித்திரை வெயிலில்.

எனக்குப் பதினெட்டு வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. பதினைந்து நாள் கழித்துக் காய்ச்சல் போனது, போகும்போது பார்வையையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு நான்கு வருடம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். மூலையில் தண்ணீர்ப் பானை, அதற்குப் பக்கத்தில் நான். பானையாவது வீட்டுக்கு உபயோகமாக இருந்தது. வருகிறவர்கள் என்னைப் பற்றி அம்மாவிடம்தான் விசாரிப்பார்கள். “புள்ள சாப்ட்டானா?” என்று என் முகத்துக்கு எதிரே நின்று அம்மாவைக் கேட்பார்கள். எனக்குப் போனது கண்தான், காது இல்லை என்று கத்தத் தோன்றும். கத்தியும் இருக்கிறேன். அதற்கும் “பாவம், புள்ளைக்கு மனசு சரியில்ல” என்று அம்மாவிடமே சொன்னார்கள்.

அப்பா அளத்தில் உப்பு வாருகிறவர். அதிகம் பேச மாட்டார். யாரிடமோ கேட்டு விசாரித்து, ஒரு நாள் என்னைத் திண்டிவனம் கூட்டிப் போய் அங்கிருந்து மெட்ராஸ் பஸ் ஏற்றி, பார்வை இல்லாதவர்களுக்கான ஒரு பயிற்சி நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். அங்கே மூன்று மாதம். நாற்காலிக்குப் பிளாஸ்டிக் ஒயர் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள், கோல் வைத்து நடக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எங்களுக்கு நடை சொல்லிக் கொடுத்த டீச்சரம்மா கறாரான மனுஷி. தப்பாக அடி வைத்தால் நம் கோலை வாங்கி நம் கணுக்காலிலேயே ஒரு தட்டு தட்டுவார்.

பயிற்சி முடிந்தபோது ஆளுக்கொரு மடக்குக் கோல் கொடுத்தார்கள். ஐந்து அலுமினியக் குழாய்த் துண்டுகள், உள்ளே ஓடுகிற ரப்பர் கயிறு. உதறினால் டக் டக்கென்று ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு இடுப்புக்கு மேலே உயரும், மடக்கினால் மஞ்சள் பைக்குள் அடங்கிவிடும். (அதை மடக்கி ஒளித்துவைத்துக்கொண்டால் எனக்குக் கண் தெரிவதாக நான்கு பேர் நினைப்பார்கள் என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம். அப்படி நினைத்த ஒரே ஆள், விழுப்புரத்தில் என்னிடம் மணி கேட்டவர்.) எல்லாக் கோலும் வெள்ளை. என்னை அழைத்துப் போக வந்திருந்த அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, டீச்சரம்மாவிடம் ஒரு பேச்சு வார்த்தையை ஆரம்பித்தார். மாடு பிடிக்கப் போன இடத்தில்கூட அவர் அவ்வளவு பேசியிருக்க மாட்டார்.

“வேற கலர் இல்லீங்களா?”

“வெள்ளைதாங்க முறை. இதைப் பார்த்தாதான் வண்டிக்காரன் நிறுத்துவான்.”

“எங்க ஊர்ல எல்லாமே வெள்ளைங்க. பாத்தி வெள்ளை, கரை வெள்ளை, குமிச்சு வெச்ச உப்பு மலையாட்டம் வெள்ளை. அதுல போய் இவன் வெள்ளைக் குச்சியை நீட்டினா யாருக்குங்க தெரியும்?”

டீச்சரம்மா கோலை வாங்கி ஒரு முறை உதறினார். பிறகு, அடித் துண்டை வெள்ளையாகவே விட்டுவிட்டு மேலே உள்ள நான்கு துண்டுகளிலும் நாற்காலி ஒயரை நெருக்கமாகச் சுற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். “என்ன கலர் வேணும், ஏழுமலை?” என்று என்னையே கேட்டார். அந்த நான்கு வருடத்தில் என்ன வேண்டும் என்று என்னிடமே கேட்ட முதல் ஆள் அவர். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “நீலம். கருநீலம்” என்றேன். பார்வை இருந்த காலத்தில் அளத்துக்கு ஒரு முறை ஜீப்பில் வந்த அதிகாரி ஒருவர் கருநீலப் பேண்ட் போட்டிருந்தார், அந்த மிடுக்கு என் மனசிலேயே நின்றிருந்தது. “சரிடா, நீலம்” என்றார் அப்பா. ஒயர் அலமாரிப் பக்கம் போனார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அவரே சுற்றினார். புது ஒயர் வாசனை ஜோராக இருந்தது.

கிளம்பும்போது டீச்சரம்மா பராமரிப்பு பற்றிப் பாடம் எடுத்தார். உப்புப் பட்டால் அன்றன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். துடைத்துக் காயவைக்க வேண்டும். மூட்டு இறுகினால் மெழுகுவர்த்தியைத் தேய்க்க வேண்டும். எண்ணெய் மட்டும் கூடவே கூடாது, உள்ளே இருக்கிற ரப்பர் ஊறிப் போய்விடும். மூன்று முறை சொன்னார். நானும் அப்பாவும் மூன்று முறை தலையாட்டினோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அப்பா சொன்னார்: “மெட்ராஸ்காரங்களுக்கு உப்பைப் பத்தி என்னடா தெரியும்?”

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நல்ல தண்ணீருக்கு எங்கள் தெருப் பெண்கள் இடுப்பில் குடத்தோடு ஒரு மைல் நடந்தார்கள். அந்தத் தண்ணீரில் ஒருவன் குச்சி கழுவினான் என்று தெரிந்தால் ஊரை விட்டே தள்ளி வைத்திருப்பார்கள். எண்ணெய் விஷயம் நேர் எதிர். உப்பில் இறங்குகிறவர்கள் காலுக்கு எண்ணெய் தேய்க்காமல் இறங்க மாட்டார்கள். காலுக்கு, கைக்கு, உப்பு வாருகிற பலகையின் பிடிக்கு, மண்வெட்டிக்கு, கதவுத் தாழ்ப்பாளுக்கு என்று உப்பு தொடுகிற எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே மருந்துதான், வேப்பெண்ணெய். காலையில் அப்பா தன் காலுக்குத் தேய்த்துவிட்டு, கையில் மிச்சம் இருப்பதை என் குச்சிக்குத் தேய்ப்பார். மூட்டு மூட்டாக நீவிவிடுவார், குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் போடுகிற மாதிரி. சாயங்காலம் நான் என் பங்குக்குத் தேய்ப்பேன். நான் வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும் என்று தெருவில் பேச்சு.

தை பிறந்து உப்பு வேலை தொடங்கியதும் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. தினமும் மதியம் அப்பாவுக்குத் தூக்கு வாளியில் சோறு கொண்டுபோவது. வீட்டிலிருந்து ரோட்டு முனை, அங்கிருந்து அளத்தின் நடுக்கரை வழியாக நேராக முக்கால் மைல். பாதி வழியில் தண்ணீர் திறந்துவிடுகிற மதகு இருந்தது, அதன் மேல் இரண்டு பனம்பலகை. இரண்டு பக்கமும் பாத்திகள். நான் குச்சியை இடமும் வலமும் வீசிக்கொண்டு, தலையைத் தூக்கிக்கொண்டு, யாருடைய உதவியும் இல்லாமல் போய்ச் சேருவேன். அப்பா ஒவ்வொரு நாளும் ஒரே வார்த்தைதான் சொல்வார்: “அட, வந்துட்டியா? நான் பாக்கவே இல்லையே.” எனக்குப் பெருமை தாங்காது. பெற்ற தகப்பனே கவனிக்காத அளவுக்குச் சுதந்திர மனிதனாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன்.

வழியில் பார்க்கிறவர்களை நிறுத்தி, “நீலம் எப்படி இருக்குது?” என்று குச்சியைக் காட்டிக் கேட்பது என் வழக்கம். அவர்கள் ஒரு நொடி பேசாமல் இருப்பார்கள். பிறகு “ஜோரா இருக்குதுப்பா” என்பார்கள். அந்த ஒரு நொடியைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். உவர்த் தண்ணீர் வருகிற எங்கள் தெருக் குழாயடியில் பெண்கள் நான் போகும்போது சிரித்தார்கள். அதை எப்படி எடுத்துக்கொண்டேன் என்பதை இந்த வயதில் எழுத வெட்கமாக இருக்கிறது.

பங்குனியில் அப்பா படுத்தார். வயிற்றில் கட்டி. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் பாயில் கிடந்தார். வலி வரும்போது பல்லைக் கடித்துக்கொள்வார், அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்கும். நான் பக்கத்திலேயே இருந்தேன். அளத்துக்குப் போகவில்லை, குச்சி சும்மா சுவரோரம் நின்றது. கடைசி நாள் ராத்திரி பேச்சு நிற்பதற்கு முன்னால் அவர் என்னிடம் கேட்டது இதுதான்: “குச்சிக்கு எண்ணெய் போட்டியாடா?” சினிமாவில் சாகிறவர்கள் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். என் அப்பா எண்ணெயைக் கேட்டார். போடுறேன்பா என்று சொல்லி, அழுதுகொண்டே, கால் பாட்டில் வேப்பெண்ணெயை மூட்டுகளுக்குள் ஊற்றினேன்.

விடியும்போது அவர் இல்லை.

சாவு வீட்டுக் காரியங்களுக்குச் சித்தப்பாதான் முன்னால் நின்றார். அப்பாவின் தம்பி பச்சையப்பன், அதே அளத்தில் பக்கத்துப் பாத்திக்காரர், அப்பாவுக்கும் சேர்த்துப் பேசுகிறவர். பாடை கட்டி முடிந்ததும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “கொள்ளிச் சட்டியை முருகன் எடுக்கட்டும். ஏழுமலை கூட நிக்கட்டும், போதும்.” முருகன் அவர் மகன், என்னைவிட ஒரு வயது சின்னவன், பாண்டியில் மில் வேலை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரே மகன் நான். அப்பாவுக்கு நான் நெருப்பு வைக்காவிட்டால், அந்தத் தெருவில் சாகிற வரைக்கும் நான் யாருக்கும் மகன் இல்லை, மூலையில் இருக்கிற பானைதான். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. “நான்தான் எடுப்பேன், சித்தப்பா” என்றேன்.

“டேய், சுடுகாட்டுக்கு நடுக்கரை வழியாத்தான் போவணும். கையில நெருப்பு. பின்னால பாடை. வெளையாட்டா?”

“தெனம் சோறு எடுத்துட்டுப் போற வழிதானே? தனியாத்தானே போறேன்?”

சித்தப்பா ஏதோ சொல்ல வந்தார். பெருமூச்சு மட்டும்தான் கேட்டது. யாரோ ஒரு பெரியவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போகலாம் என்றார். என் கையைப் பிடித்தால் இங்கேயே உட்கார்ந்துவிடுவேன் என்றேன். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறதே, அதை என்னைவிட ஒழுங்காக யார் கடைப்பிடிப்பார்கள் என்றும் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அம்மா உள்ளேயிருந்து, “அவனே எடுக்கட்டும்” என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

வாசலிலேயே உட்காரவைத்து எனக்கு மொட்டை அடித்தார்கள், மீசையையும் எடுத்தார்கள். தலையில் மூன்று இடத்தில் கத்தி பட்டிருந்தது. (இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.) இடது கையில் உறியில் தொங்குகிற கொள்ளிச் சட்டி, வலது கையில் குச்சி. உதறி விரித்தபோது டக் டக் என்ற சத்தம் வரவில்லை. சொத சொதவென்று ஏதோ நழுவிப் பூட்டிக்கொண்டது. எண்ணெய் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

சங்கு ஊதி, மேளம் அடித்துக்கொண்டு கிளம்பினோம். மேளக்காரர்கள் முன்னால், அப்புறம் நான், எனக்குப் பின்னால் நான்கு பேர் தோளில் அப்பா. ரோட்டு முனை தாண்டி நடுக்கரையில் ஏறியதும் வேண்டுமென்றே வேகமாக நடந்தேன். பின்னால் வருகிறவர்கள் பார்க்க வேண்டும், சித்தப்பா பார்க்க வேண்டும். அப்பாவின் சாவு ஊர்வலத்தில் நான் நடந்து காட்டிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

மதகு கிட்டே வந்தது தண்ணீர்ச் சத்தத்தில் தெரிந்தது. பலகை எங்கே என்று பார்க்கக் குச்சியை நீட்டினேன். உள்ளே ரப்பர் அறுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை, மேளம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. அடியில் இருந்த இரண்டு துண்டு கழன்று விழுந்துவிட்டது. குட்டையான மிச்சக் குச்சி எதையும் தொடவில்லை. முன்னால் தரையே இல்லை, கரை ஓரத்துக்கு வந்துவிட்டேன் என்று முடிவு செய்தேன். சமயோசிதமாக இடது பக்கம் நகர்ந்தேன். கரையின் ஓரம் உண்மையில் அங்கேதான் இருந்தது.

பாத்தித் தண்ணீர் கணுக்கால் ஆழம்தான், மூழ்கிச் சாக முடியாது. அந்த அதிர்ஷ்டமும் எனக்கு இல்லை. ஆனால் சித்திரையில் அது தண்ணீர் இல்லை, காய்ச்சிய உப்பு. முகம் குப்புற விழுந்தேன், கையில் மிச்சமிருந்த துண்டுகளும் சிதறின. மொட்டைத் தலை, மூன்று வெட்டு, புதிதாக மழித்த மேலுதடு. நான் போட்ட சத்தத்தில் மேளம் நின்றது. அதற்குள் வேறு ஒரு சத்தம் கேட்டது. நெருப்பு தண்ணீரில் அணைகிற சத்தம். அப்பாவுக்காக வீட்டு அடுப்பிலிருந்து எடுத்து வந்த நெருப்பு.

 பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“குச்சியைப் பொறுக்குங்கப்பா. அந்த ரோஸு துண்டு கரையோரமா கெடக்குது பாரு.”

“இன்னொரு ரோஸு பாத்திக்குள்ள போயிடுச்சு.”

நான் முட்டி போட்டு எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டேன்: “எந்த ரோஸு?”

பேச்சு நின்றது.

“என் குச்சி நீலம்” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கரைமேலிருந்து ஒருவர் மெதுவாக, “நீலந்தாம்பா” என்றார். அதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குழாயடிச் சிரிப்பு, அந்த ஒரு நொடி மௌனம், எல்லாம். எங்கள் தெருவில் ஒரு ரகசியம் எட்டு நாள் தங்கியது கிடையாது. இது எட்டு மாதம் தங்கியிருந்தது. பெற்ற தகப்பன் பாடையில் கிடக்க, நெருப்பு அணைந்து போயிருக்க, நான் உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு ஊராரிடம் கலர் சண்டை போட்டேன். ரோஸ் கலர் குச்சியைக் கொடுத்து என்னைக் கேலிப் பொருளாக்கிவிட்டீர்களா என்று கத்தினேன்.

சித்தப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. “ஏண்டா, உங்கப்பன் எதுக்குடா ரோஸு சுத்தினான்? வானமும் பாத்தித் தண்ணியும் நீலம், அதுல நீலக் குச்சி கரைஞ்சுடும், ரோஸு தூரத்துலேந்தே தெரியும்னு சுத்தினான். நீ ரோட்டு முனையில திரும்பும்போதே உப்பு வார்ற பலகையைக் கீழ போட்டுட்டு நின்னுடுவான். இந்த மதகைத் தாண்டற வரைக்கும் கண்ணை எடுக்க மாட்டான். தெனமும் மேஸ்திரிகிட்ட பேச்சு வாங்குவான். நீ கிட்ட வந்ததும் குனிஞ்சுக்குவான், பாக்கவே இல்லன்னுவான். நீ தனியா நடந்தியா? ஒரு நாளும் நீ தனியா நடக்கலடா.”

நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். விடிந்ததிலிருந்து அப்போதுதான் அழுதேன். கௌரவமாக அழவில்லை, மூக்கு ஒழுக அழுதேன். அவர் இனிமேல் அந்தப் பாத்தியில் நிமிர்ந்து நிற்க மாட்டார் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

தூக்கியவர்கள் எவ்வளவு நேரம் வெயிலில் நிற்பார்கள்? பாடையைக் கரைமேல் இறக்கி வைத்தார்கள். இறக்கிய இடம் அப்பா வேலை செய்த பாத்தியிலிருந்து கூப்பிடு தூரம். இருபத்தைந்து வருடம் உழைத்த அளத்தில் ஒரு நாளும் அவர் படுத்து ஓய்வெடுத்ததில்லை, அன்றைக்கு எடுத்துக்கொண்டார். யாரோ பீடி பற்றவைத்தார்கள். அந்தத் தீப்பெட்டியிலேயே சட்டியையும் பற்றவைத்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொல்ல, வீட்டு நெருப்புதான் வேண்டும் என்று இன்னொருவர் அவரைத் திட்டினார். சட்டியும் உடைந்திருந்தது. நெருப்பு கொண்டுவர முருகன் ஓடினான்.

அவன் திரும்பி வந்தபோது கையில் இருந்த சட்டியைப் பார்த்துக் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. எனக்கு வாசனையிலேயே தெரிந்துவிட்டது. அம்மா மீன் குழம்பு வைக்கிற சட்டி. வீட்டில் வேறு மண்சட்டி இல்லை, “அவருக்கு இதுவே போதும்” என்று சொல்லி அடுப்பு நெருப்பை அள்ளிக் கொடுத்தாளாம். எரிகிற வறட்டியோடு, இருபது வருடக் குழம்பும் சேர்ந்து மணத்தது.

“நீயே புடிடா, முருகா” என்றார் சித்தப்பா.

“அப்பா” என்று இழுத்தான் முருகன். “மொட்டை அடிக்கணும், மீசையும் எடுக்கணும். வைகாசியில கல்யாணம். கிளியனூர்க்காரங்க மீசையைப் பாத்துத்தாம்பா சம்மதம் சொன்னாங்க.”

ஒருவர் சிரித்துவிட்டு இருமினார். முருகனின் மீசைக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன். அந்தச் சந்தில் நான் எழுந்து நின்றேன். “சித்தப்பா, குச்சி போயிடுச்சு. தனியா நடக்கறேன்னு சொல்ல மாட்டேன். பாடைக் கம்பைப் புடிச்சுக்கிட்டு வர்றேன். என் கையாலதான் நெருப்பு வெக்கணும்.”

சித்தப்பா, மேளக்காரர்கள் குடிக்க வைத்திருந்த பானையை யாரிடமோ வாங்கினார். என் தலையைக் குனியவைத்து, நல்ல தண்ணீரை ஊற்றி, உப்புப் போகக் கழுவினார். தன் துண்டால் துடைத்தார். (டீச்சரம்மா சொன்ன பராமரிப்பு முறை அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சரியாகப் பின்பற்றப்பட்டது, குச்சிக்குப் பதில் எனக்கு.) பிறகு என் வலது கையை எடுத்துப் பாடையின் முன்கம்பில் வைத்தார். 

“புடி. வுட்டுடாத” என்றார்.

மீண்டும் தூக்கினார்கள். நான் கம்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஓரடி முன்னால் நடந்தேன், இன்னொரு கையில் மீன் சட்டி. கரை வளைந்தால் கம்பு என் கையில் வளைந்தது, மேடு வந்தால் தூக்கிக் காட்டியது. மதகில் பலகை வந்ததைக் கம்பு நின்று சொன்னது. கடைசியாக ஒரு முறை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இந்த முறை அதை மறைக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. சுடுகாட்டில் குடம் சுமந்து மூன்று சுற்றும் அந்தக் கம்பை விட்டுவிட்டுச் சித்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். நெருப்பை நானே வைத்தேன். திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

குச்சியில் நான்கு துண்டுதான் கிடைத்தது. ஐந்தாவது துண்டு வைகாசியில் உப்பு வாரும்போது கிடைத்தது, உள்ளே உப்பு பூத்து, மேலே ரோஸ் ஒயர் அப்படியே. பக்கத்து வீட்டு வாத்தியாரை விட்டு டீச்சரம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பத்து நாளில் பார்சல் வந்தது, புது ரப்பர் கயிறும் இரண்டு மெழுகுவர்த்தியும். கூடவே ஒரு கடுதாசி. முதல் வரியே, எண்ணெய் போடாதே என்று மூன்று முறை சொன்னேனே. கடைசி வரியில், ஒயர் என்ன கலரில் வேண்டும் என்று கேட்டிருந்தார். ரோஸ் என்று பதில் எழுதச் சொன்னேன்.

அம்மா அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீரை என் குச்சிக்கென்று எடுத்துவைத்தாள். தெருவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேப்பெண்ணெய் பாட்டிலை நான் தொடுவதே இல்லை.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் ‘நீலம்’ என்றால் வேறு அர்த்தம். முருகன் பொண்டாட்டி வைத்த ரசம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், “நீலமா இருக்குதும்மா” என்போம், அவளுக்கும் புரியும். சித்தப்பா கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, உடம்பு தேறிடுச்சு, நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம் என்றேன். “நீலம் சொல்றியாடா?” என்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

போன மாதம் குச்சியில் ஒயர் அறுந்துவிட்டது. என் மகள் பாண்டியிலிருந்து புதிது வாங்கி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றிக் கொடுத்தாள். மெழுகும் தேய்த்திருந்தாள். “என்னம்மா கலரு?” என்று கேட்டேன்.

“நீலம்பா” என்றாள்.

வாங்கி உதறினேன். ஐந்து துண்டும் டக் டக்கென்று பூட்டிக்கொண்டன. கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன். தெருமுனை திரும்புகிற வரைக்கும் எங்கள் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கவில்லை.